வலி போனதும் ஊன்றுகோலை வைத்துவிடலாமா?

வாசகர் கேள்விகள் – பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

தொடை எலும்பின் மேல்நுனியில் இருக்கும் பந்துக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துப்போவதைத்தான் ஏவிஎன் என்கிறார்கள். அதற்காக இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கேள்விகள் இந்த இதழில். பல கடிதங்களில் ‘ஆபரேஷன் முடிந்து இத்தனை வாரம்’ என்று இருக்கிறதே தவிர, என்ன ஆபரேஷன் என்பது இல்லை. பந்தில் துளை போட்டார்களா (இதுதான் கோர் டிகம்ப்ரெஷன்), எலும்பு ஒட்டு வைத்தார்களா, மூட்டையே மாற்றினார்களா என்று தெரியாமல் ஒரு பயிற்சிகூடச் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து அந்த வரியைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டாம் கட்ட ஏவிஎன் என்று கோர் டிகம்ப்ரெஷன் செய்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. ராத்திரி தூங்கவிடாமல் செய்த வலி சுத்தமாக இல்லை. ஆனாலும் ஆறு வாரம் கட்டை வைத்துத்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள். வலியே இல்லாதபோது எதற்கு?

பதில்: வலி போனது நல்ல செய்திதான். எலும்பு ஆறிவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. பந்துக்குள் அழுத்தம் ஏறி நிற்பது ராத்திரி வலிக்கு முக்கியக் காரணம். துளை போட்டதும் அந்த அழுத்தம் இறங்குகிறது, கூடவே வலியும் இறங்குகிறது. இதற்கு நாட்களே போதும். எலும்பு வளர்வதற்கு மாதங்கள் வேண்டும்.

ஆறு வாரக் கணக்குக்கு இரண்டு காரணங்கள். தொடையின் வெளிப்பக்கம் கையால் தடவினால் ஒரு எலும்பு முட்டு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழிருந்துதான் பந்து வரை துளை போடுகிறார்கள். ஒரே பெரிய துளை என்றால் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். சிலருக்கு 3 மில்லிமீட்டர் அளவில் பல சின்னத் துளைகள் போடுவார்கள். தொடை எலும்பில் அதிகமாக விசை விழும் இடங்களில் துளை தொடங்கும் அந்த இடமும் ஒன்று. ஓட்டை உள்ள இடத்தில் விசை குவியும். துளை மூடுவதற்குள் ஒரு முறை தடுமாறி முழு எடையும் விழுந்தால், அந்த இடத்திலேயே எலும்பு முறியலாம். முறிந்தால் கம்பியோ பிளேட்டோ வைக்க வேண்டிய பெரிய ஆபரேஷன். இரண்டாவது காரணம் பந்துக்குள் நடப்பது. உடல் செத்த எலும்பை முதலில் கரைத்து அகற்றும். பிறகுதான் அங்கே புது எலும்பைப் போடும். பழசு போய்ப் புதுசு கெட்டிப்படாத அந்த இடைக்காலத்தில்தான் பந்து மிகவும் பலவீனமாக இருக்கும். எடை அதிகமானால் பந்தின் மேல்பரப்பு உள்வாங்கிவிடும். அது நடந்துவிட்டால் துளை போட்டதன் பலன் போய்விடும். அடுத்த பேச்சு மூட்டு மாற்றுதான்.

‘பாதி எடை’, ‘கால்வாசி எடை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது, கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டு எடை மெஷினைச் சுவர் ஓரமாக வையுங்கள். நல்ல கால் நிற்கும் இடத்தில் மெஷினின் உயரத்துக்குச் சமமாகப் பலகை போடுங்கள்; இல்லாவிட்டால் இடுப்பு கோணும். இரண்டு ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன காலை மெஷினில் வைத்து, மருத்துவர் சொன்ன அளவுக்கு முள் வரும்வரை மெதுவாக அழுத்துங்கள். உடல் எடை 60 கிலோ, கால்வாசி எடை என்றால் 15 கிலோ. பத்து முறை பார்த்து அழுத்துங்கள். பிறகு கீழே பார்க்காமல் அழுத்திவிட்டு, எவ்வளவு என்று பாருங்கள். முதல் நாள் அனேகமாக எல்லோரும் இரண்டு மடங்கு அழுத்துவார்கள். தினமும் காலை, மாலை செய்தால் நாலைந்து நாளில் கால் பழகிவிடும்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. எடை படக்கூடாதே என்று முழங்காலை மடக்கிக் காலை அந்தரத்தில் தொங்கவிட்டபடி நடப்பார்கள். காலைத் தூக்கியே வைத்திருக்க இடுப்புத் தசைகள் இறுகும். அந்த இறுக்கமே பந்தை, அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்தோடு சேர்த்து அழுத்தும். மருத்துவர் ‘தரையிலேயே படக்கூடாது’ என்று சொல்லாதவரை, பாதத்தை இயல்பாகத் தரையில் வைத்து எடையைக் கையில் தாங்குவது மூட்டுக்கு இதம்.

அக்குள் கட்டையின் உயரமும் முக்கியம். மேல் பட்டை அக்குளிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடத்தில் கைப்பிடி; பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். எடை உள்ளங்கையில்தான் விழ வேண்டும். அக்குளை அதன்மேல் சாய்த்துத் தொங்கினால் கை நரம்பு நசுங்கி, விரல் மரத்துப்போவதில் தொடங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாத நிலை வரைக்கும் போகும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஈரத் தரையில் வழுக்குவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தேய்ந்த ரப்பர்தான்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சம்மதித்த பிறகு, வாரத்துக்கு 10 முதல் 15 கிலோ என்று எடையைக் கூட்டலாம். இரண்டு கட்டையிலிருந்து ஒரு கட்டை, பிறகு கைத்தடி, பிறகு எதையும் பிடிக்காமல் நடப்பது என்ற வரிசையில் இறங்குங்கள். ஓட்டம், குதித்தல், பாரம் தூக்குதல் ஆகியவற்றைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம். அதற்குப் பிறகும் எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான்.

கேள்வி: என் கணவருக்கு ஏவிஎன்னுக்காக முழு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். மறுநாளே எழுப்பி நிற்கவைத்து, முழு எடை போடலாம் என்றார்கள். அவர் தம்பிக்கு அதே ஏவிஎன்தான், சின்னத் துளைதான் போட்டார்கள். அவரை ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்கிறார்கள். பெரிய ஆபரேஷனுக்குச் சின்னக் கட்டுப்பாடு, சின்ன ஆபரேஷனுக்குப் பெரிய கட்டுப்பாடா?

பதில்: ஆமாம், அப்படித்தான். இரண்டு மருத்துவர்கள் சொன்னதும் சரி. மூட்டு மாற்றில் செத்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு உலோகம் வைத்தாகிவிட்டது. இனி உள்வாங்க அங்கே எலும்பு இல்லை. சிமென்ட் வைத்துப் பொருத்தியிருந்தால் உடனே முழு எடை தாங்கும். சிமென்ட் இல்லாத வகையில் சொரசொரப்பான உலோகப் பரப்புக்குள் எலும்பு வளர்ந்து பிடிக்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆனாலும் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் முதல் நாளிலிருந்தே எடை போட அனுமதிக்கிறார்கள். பொருத்தும்போது எலும்பில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் தள்ளிவைப்பார்கள். தம்பிக்கு அவருடைய சொந்தப் பந்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அதனால்தான் காவல் அதிகம்.

உங்கள் கணவருக்கு எடையைவிட, மூட்டு நழுவாமல் பார்ப்பதுதான் முக்கியம். பின்பக்கமாக வெட்டிச் செய்திருந்தால் மூன்று அசைவுகள் கூடாது: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம். முன்பக்கமாகச் செய்திருந்தால் கதை தலைகீழ்: காலைப் பின்னால் நீட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பக் கூடாது. எந்தப் பக்கம் வெட்டு என்று தெரியாமல் பக்கத்துக் கட்டில்காரரின் விதியைப் பின்பற்றாதீர்கள். பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இந்தக் கட்டுப்பாடு இருக்கும்.

பின்வெட்டு என்றால், தாழ்வான நாற்காலியை எல்லோரும் ஜாக்கிரதையாகத் தவிர்த்துவிடுவார்கள். கோட்டைவிடுவது வேறு இடங்களில். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தபடி கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பது, உட்கார்ந்த இடத்திலிருந்து தரையில் விழுந்த செல்போனை எடுக்கக் குனிவது, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஆபரேஷன் ஆன காலை ஊன்றியபடியே சட்டென்று உடம்பை மட்டும் திருப்புவது. திரும்புவதென்றால் சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து மொத்த உடம்போடு திரும்பட்டும். இருக்கையில் உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு சற்று உயரத்தில் இருக்க வேண்டும். எழும்போது முதலில் விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டிவைத்து, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். டாய்லெட்டில் உயர்த்திய இருக்கை போடுங்கள். காரில் ஏறும்போது சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்கட்டும்.

திடீரென்று கடும் வலி, கால் குட்டையாகி ஒருபக்கமாகத் திரும்பிக்கொண்டது, ஊன்றவே முடியவில்லை என்றால் மூட்டு நழுவியிருக்கலாம். இழுத்துப் பார்க்க வேண்டாம். அசைக்காமல் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மூட்டு மாற்று முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. பயிற்சித் தாளில் படங்கள் மட்டும்தான் இருக்கின்றன. எதை, எப்போது, எத்தனை முறை?

பதில்: முதல் இரண்டு வாரம் படுக்கையிலேயே நாலு பயிற்சிகள். கணுக்காலை மேலும் கீழும் முழு வீச்சில் ஆட்டுங்கள், விழித்திருக்கும்போது மணிக்கு 20 முறை. ரத்தம் கட்டாமல் இருக்க இது. முழங்காலை மெத்தையில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 விநாடி. பிட்டத்தை இறுக்கி 5 விநாடி. குதிகாலை மெத்தையிலேயே உரசிக்கொண்டு முழங்காலை மடக்கி நீட்டுவது. 90 டிகிரி தாண்ட வேண்டாம். பின்னால் சொன்ன மூன்றும் வேளைக்குப் பத்துப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. காலைப் பக்கவாட்டில் விரிப்பதையும் மெத்தையில் வழுக்கியபடியே செய்யலாம்; திரும்பி வரும்போது நடுக்கோட்டோடு நின்றுவிடுங்கள். வெட்டு தொடையின் வெளிப்பக்கத் தசையைப் பிரித்துப் போயிருந்தால் மட்டும் இதை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மல்லாந்து படுத்து நேராக நீட்டிய காலை அப்படியே உயரத் தூக்கும் பயிற்சியைப் பலர் முதல் நாளே ஆர்வமாகச் செய்கிறார்கள். பார்க்க எளிது. காலின் மொத்த நீளமும் நெம்புகோலாகிவிடுவதால் இடுப்பு மூட்டுக்குள் உடல் எடைக்கும் மேலான விசை விழும். தொடை இடுக்கில் வலி கிளம்பும். துளை போட்டவர்களுக்கும் ஒட்டு வைத்தவர்களுக்கும் இது இன்னும் கூடாது. யாருமே ஆறு வாரத்துக்கு முன் இதைத் தொட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதனால் கிடைக்கும் பலத்தை மற்றப் பயிற்சிகளே கொடுத்துவிடும்.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பது சுகமாகத்தான் இருக்கும். வைக்காதீர்கள். ஏவிஎன் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே இடுப்பு கொஞ்சம் மடங்கிய நிலையில் இறுகியிருக்கும். தலையணை அந்த இறுக்கத்தை நிரந்தரமாக்கிவிடும். பிறகு நிமிர்ந்து நடக்கப் பார்த்தால் முதுகு வளையும். தலையணை இருக்க வேண்டிய இடம் இரண்டு காலுக்கும் நடுவில்.

இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள், கெட்டியான மேஜையையோ சமையல் மேடையையோ பிடித்து நின்றபடி: காலைப் பக்கவாட்டில் தூக்குவது, பின்பக்கம் தூக்குவது, குதிகால் உயர்த்துவது, முழங்காலைக் கால்வாசி மடக்கி நிமிர்வது. பத்து முறை, இரண்டு சுற்று. முன்வெட்டு ஆனவர்கள் பின்பக்கம் தூக்குவதை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் தூக்கும்போது உடம்பு மறுபக்கம் சாய்ந்தால் இடுப்பு வேலை செய்யவில்லை, முதுகு செய்கிறது என்று அர்த்தம். உயரத்தைப் பாதியாக்குங்கள்; சாயாமல் வரும் பத்து சென்டிமீட்டர் போதும். தையல் பிரித்துப் புண் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கலாம். சீட்டை உயர்த்திவைத்து, எதிர்ப்பு இல்லாமல், ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தூக்கும் ‘பாலம்’, 10 சென்டிமீட்டர் படியில் ஏறி இறங்குவது, கடைசியாக ஒற்றைக் காலில் நிற்பது. அளவு சரியா என்பதை மறுநாள் காலை சொல்லும். செய்யும்போது பத்துக்கு மூன்று நாலு அளவில் வலி இருந்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாள் எழும்போதே வீக்கமோ வலியோ கூடியிருந்தால் நிறுத்திவிட வேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: மூட்டு மாற்றி நாலு மாதம் ஆகிறது. வலி இல்லை, ஆனால் நொண்டல் போகவில்லை. கைத்தடியை ஆபரேஷன் ஆன பக்கமே பிடிக்கிறேன், அதுதானே தாங்கும்?

பதில்: கையை மாற்றுங்கள், பாதி நொண்டல் அன்றே குறையும். ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு அடியிலும் இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது, ஊன்றிய காலின் பக்கவாட்டில் இருக்கும் பிட்டத் தசை. உடல் எடை மூட்டிலிருந்து தள்ளி விழுகிறது. தசையோ மூட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்திருக்கிறது. சமன் செய்ய அது எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டும். சென்சார் பொருத்திய செயற்கை மூட்டுகளில் அளந்தபோது, சாதாரண நடையிலேயே உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விசை விழுந்தது. தடுமாறியபோது 7 மடங்குக்கும் மேல். எதிர்ப்பக்கக் கையில் தடி இருந்தால், மூட்டிலிருந்து தூரத்தில் ஊன்றுவதால் லேசாக அழுத்தினாலே தசையின் சுமை நன்றாகக் குறையும். ஆபரேஷன் வலது பக்கம் என்றால் தடி இடது கையில். வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். பை தூக்க வேண்டியிருந்தால் அது வலது கையில்.

நொண்டலுக்குக் காரணம் அந்தத் தசையின் பலவீனம்தானா என்று பார்க்க, கண்ணாடி முன் மேஜையைத் தொட்டபடி ஆபரேஷன் ஆன காலில் மட்டும் நில்லுங்கள். 30 விநாடிக்குள் மறுபக்க இடுப்பு கீழே இறங்கினாலோ, உடம்பு ஆபரேஷன் பக்கம் சாய்ந்தாலோ தசை தயாராகவில்லை. ஏவிஎன்னில் ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றிரண்டு வருடம் நொண்டி நடந்திருப்பீர்கள். அவ்வளவு நாள் இளைத்த தசை நாலு மாதத்தில் திரும்பாது. ஒரு வருடம்வரை முன்னேறிக்கொண்டே இருக்கும். நல்ல பக்கமாகச் சாய்ந்து படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைத்து, மேல்காலைச் சற்றே பின்னால் வைத்தபடி 20 சென்டிமீட்டர் தூக்குங்கள். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, வாரத்தில் ஐந்து நாள். தடியில்லாமல் நொண்டி நடப்பதைவிடத் தடியோடு நேராக நடப்பது மேல். நொண்டலும் ஒரு பயிற்சிதான். செய்யச் செய்ய அதுவே பழகிவிடும்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் நீளமாகிவிட்டதுபோல் இருக்கிறது. செருப்பில் அட்டை வைக்கலாமா?

பதில்: மூன்று மாதம் பொறுங்கள். பந்து நசுங்கிக் குட்டையாகிப்போன காலைச் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்தாலே நீளமாகத்தான் தோன்றும். இடுப்பின் பக்கத் தசைகள் இறுகி, இடுப்பெலும்பு ஒருபக்கம் சாய்ந்து நிற்பதும் காரணம். இப்போதே அட்டை வைத்தால் அந்தச் சாய்வு நிலைத்துவிடும். தசை தளர்ந்த பிறகும் வித்தியாசம் இருந்தால் அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

கேள்வி: ஆபரேஷன் ஆன கால் மாலையில் வீங்குகிறது. உருவிவிட்டால் குறையுமா?

பதில்: உருவவே கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருந்தால், உருவும்போது கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நாள் முழுதும் நடந்து மாலையில் வீங்கி, காலைத் தலையணைகளில் உயர்த்திவைத்துத் தூங்கி எழுந்ததும் வடிந்துவிட்டால் அது சாதாரணம். இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும். காலையிலும் வடியாத வீக்கம், கெண்டைக்காலில் அழுத்தினால் வலி, சூடு, சிவப்பு என்றால் அன்றே, ரத்தக்குழாயில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மருந்து எழுதியிருந்தால், நன்றாகத்தானே நடக்கிறோம் என்று நடுவில் நிறுத்தாதீர்கள். மூட்டு மாற்றுக்கு அதை ஐந்து வாரம்வரைகூடக் கொடுப்பதுண்டு.

கேள்வி: கீழ்க்காலிலிருந்து எலும்பும் ரத்தக்குழாயும் எடுத்து இடுப்பில் ஒட்டு வைத்தார்கள். இடுப்பைவிடக் கட்டைவிரல்தான் தொல்லை, மடங்கிக்கொள்கிறது.

பதில்: எடுத்த எலும்பை ஒட்டித்தான் கட்டைவிரலை மடக்கும் தசை இருக்கிறது. அது தழும்போடு ஒட்டிச் சுருங்குவதால் வருவது இது. முழங்காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி மடக்கி, அந்த நிலையில் கட்டைவிரலைக் கையால் மேலே இழுத்து 30 விநாடி பிடியுங்கள். ஐந்து முறை, நாளைக்கு நாலு வேளை. பாதம் தொங்கிய நிலையில் இழுத்தால் தசை நீளாது, பலனில்லை. எடை விஷயத்தில் உங்களுக்குத்தான் மிக நீண்ட காத்திருப்பு. முதல் ஆறு வாரம் பெரும்பாலும் எடையே கிடையாது. முழு எடை வர ஆறு மாதம்வரை ஆகலாம்.

கேள்வி: எனக்கு 32 வயது. மூட்டு மாற்றியபின் தாம்பத்தியம் எப்போது? மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: புண் ஆறி, வலி அடங்கியிருந்தால் பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு. ஆபரேஷன் ஆனவர் ஆணோ பெண்ணோ, மல்லாந்து படுத்திருப்பது பாதுகாப்பு. பின்வெட்டு என்றால் முழங்கால் நெஞ்சை நோக்கி மடங்கக் கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது. முன்வெட்டு என்றால் கால் வெளிப்பக்கம் அதிகம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா?

பதில்: மூன்று மாதத்துக்குள் வேண்டாம். அதற்குப் பிறகு பொருத்திய மூட்டின் வகையையும் வெட்டின் பக்கத்தையும் பொறுத்து மருத்துவர் சொல்வார். உட்காருவதைவிடத் தரையிலிருந்து எழுவதில்தான் இடுப்பு அதிகமாக மடங்கும். எழும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் எதிரில் பழகாமல் தனியாக முயல வேண்டாம்.

கேள்வி: வேறொரு நோய்க்காக இரண்டு வருடமாக ஸ்டீராய்டு சாப்பிட்டதால் ஏவிஎன் வந்தது என்றார்கள். வலது இடுப்பு மாற்றியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். சில நாளாக இடது தொடை இடுக்கில் லேசான வலி. வலது காலைப் பாதுகாத்து நடப்பதால் இருக்குமா?

பதில்: முதலில் மாத்திரை. வருடக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு எழும்பாமல் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே பாருங்கள். குறைப்பதாக இருந்தால் படிப்படியாகத்தான். இடது பக்கம்: அடிபடாமல் வரும் ஏவிஎன் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு இடுப்பிலும் வருகிறது. ‘சாய்ந்து நடப்பதால்’ என்று தள்ளிப்போட வேண்டாம். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். வலது பக்கம் உலோகம் இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கேற்ப எடுப்பார்கள். முடிவு வரும்வரை கைத்தடியை வலது கையில் பிடித்து நடங்கள்.